போனில் பார்த்த கலரும் கைக்கு வந்த சேலையும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் விற்பனைத் துணைக்குழு சார்பில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத குழுக்களுக்காக எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



இந்த மேசை மேல ஒரு வாடாமல்லிப் பூ இருக்கு. பக்கத்துல நாலு போன் இருக்கு. இந்தப் பூவை ஒரே ஒரு போட்டோ எடுத்து, அதே போட்டோவை நாலு போனுக்கும் அனுப்பியிருக்கோம். இப்போ முன் வரிசையில இருந்து ஒவ்வொருத்தரா வந்து பாருங்க. பூவையும் பாருங்க, போனையும் பாருங்க.

பார்த்தாச்சா? ஒரு போன்ல ராணி பிங்க் மாதிரி கண்ணைப் பறிக்குது. இன்னொன்னுல கத்தரிப்பூ ஊதா. மூணாவதுல கொஞ்சம் மஞ்சள் படிஞ்ச மாதிரி மங்கலா இருக்கு. நாலாவதுதான் பூவுக்கு ஓரளவு பக்கத்துல வருது. பூ ஒண்ணு, போட்டோ ஒண்ணு, கலர் நாலு. இன்னைக்கு நாம பேசப்போறது இதைப் பத்தித்தான்.

இது என்ன பெரிய விஷயம், சினிமா பார்க்கத்தானே போன் என்று சிலர் நினைக்கலாம். நம் உறுப்பினர்களில் சேலை விற்கிறவர்கள், ப்ளவுஸ் தைக்கிறவர்கள், ஆரி வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இப்போது ஆர்டர் எடுப்பது போனில்தான். அப்படி விற்கிறவர்களுக்கு கலர் மாறினால் காசு மாறும், பேரும் மாறும். எப்படி என்று நம்ம அனுபவத்தையே சொல்கிறோம்.

நடந்தது என்ன?

நம் குழுக்களில் ஒன்று, 12 பேர் உள்ள குழு. சுங்குடி சேலை வாங்கி விற்கிறார்கள். கல்யாண வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி கட்டுவதற்காக வெளியூரிலிருந்து 30 சேலைக்கு ஆர்டர் வந்தது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினோம். "இந்தக் கலர்தான் வேணும், முப்பதும் இதே கலர்ல கொடுங்க" என்றார்கள். குழுக் கடன் எடுத்து, சாயப்பட்டறையில் சொல்லி, முப்பதையும் முடித்து அனுப்பினோம்.

பார்சல் போன மூணாம் நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "போட்டோவுல ஒரு கலரைக் காட்டிட்டு வேற கலரை அனுப்பி ஏமாத்திட்டீங்க" என்று. நாம் அனுப்பியது அசல் வாடாமல்லி. அவர்கள் போனில் பார்த்தது பளபளக்கும் ராணி பிங்க். அதற்கேற்ப ப்ளவுஸ் துணியும் எடுத்து வைத்துவிட்டார்கள். முப்பதும் திரும்பி வந்தது. கூரியர் செலவும் நம் தலையில்.

அந்தச் சேலைகளைக் குறைந்த விலைக்கு விற்றுக் கணக்குப் பார்த்ததில் நஷ்டம் 3,600 ரூபாய். பன்னிரண்டு பேரும் ஆளுக்கு 300 ரூபாய் போட்டு அடைத்தோம். கடன் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதைக்கூடச் சமாளித்துவிட்டோம். போட்டோ எடுத்தது ஒரு உறுப்பினரின் மகள், கல்லூரியில் படிக்கிற பெண். "அந்தப் புள்ளைதான் போட்டோவுல ஏதோ பண்ணிருச்சு" என்று குழுவுக்குள்ளேயே பேச்சு வந்தது. அந்தப் பெண் அதுக்கப்புறம் போனைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டது. தாயார் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. பணத்தைவிட எங்களுக்கு அதுதான் உறுத்தியது.

பிறகு எல்லாருடைய போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே போட்டோவைப் பார்த்தோம். ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு கலர். அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பெண் மேல் தப்பு இல்லை என்பதை இந்தக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிக்கொள்கிறோம். தெரியாமல் பேசியதற்கு வருந்துகிறோம்.

போன் திரை எப்படி வேலை செய்கிறது?

போன் திரை என்பது லட்சக்கணக்கான குட்டிக் குட்டிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூணு வெளிச்சம். இந்த மூன்றையும் கூட்டிக் குறைத்துத்தான் எல்லாக் கலரும் வருகிறது. நம்ம வாடாமல்லிக்கு சிவப்பும் நீலமும் அதிகம், பச்சை ரொம்பக் குறைவு.

நாம் போட்டோ அனுப்பும்போது கலர் போவதில்லை, நம்பர்தான் போகிறது. சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை என்று 0 முதல் 255 வரைக்கும் எண்கள். அந்த எண்ணுக்கு எவ்வளவு அழுத்தமான கலர் காட்ட வேண்டும் என்று ஒரு பொது அளவு இருக்கிறது. 1996-ல் எச்.பி., மைக்ரோசாஃப்ட் கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்தது. எஸ்.ஆர்.ஜி.பி. என்று பெயர்.

நமக்குப் புரியும்படி சொன்னால், இதை முத்திரைப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் "மூணு படி அரிசி" என்று எழுதியிருக்கிறது. முத்திரை போட்ட படியில் அளந்தால் ஒரு அளவு. அதைவிடப் பெரிய படியில் அளந்தாலும் மூணு படிதான், ஆனால் அரிசி கூடுதலாக வரும். சீட்டில் தப்பு இல்லை, படிதான் வேறு. போனிலும் இதேதான். இப்போது வருகிற அமோலெட் திரைகள் அந்தப் பழைய அளவைவிட அழுத்தமான சிவப்பையும் பச்சையையும் காட்டக்கூடியவை. "விவிட்" என்று ஒரு செட்டிங் இருக்கிறது பாருங்கள், அது பெரிய படி. "நேச்சுரல்" என்று இருப்பது முத்திரைப்படி.

பல போன்கள் கடையிலிருந்து வரும்போதே பெரிய படியோடுதான் வருகின்றன. ஏன்? கடையில் பத்து போன் வரிசையாக நிற்கும்போது எது பளிச்சென்று இருக்கிறதோ அதைத்தான் நம்ம கை எடுக்கும். கல்யாண வீட்டுக் கேசரியில் கலர் பவுடர் கூடப் போடுவது மாதிரிதான். பார்க்கிறவர் நாக்கில் எச்சில் ஊறும், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கம்பெனிக்காரன் மேலேயே பழி போட்டுவிடவும் முடியாது. 2017-ல் கூகுள் கம்பெனி பிக்சல் 2 எக்ஸ்.எல். என்று ஒரு போன் வெளியிட்டது. கலர் உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும் என்று முத்திரைப்படியை ஒட்டியே திரையை அமைத்தார்கள். வாங்கினவர்கள் பலர் "வெளுத்துப்போன மாதிரி இருக்கு" என்று குறை சொன்னார்கள். அதே வருஷம் நவம்பரில் கலரைக் கூட்டிக் காட்டும் ஒரு செட்டிங்கைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆக, உண்மைக் கலரைக் காட்டினால் அது மட்டமாகத் தெரிகிற அளவுக்கு நம்ம கண் பழகிப்போயிருக்கிறது.

கண்ணும் ஏமாறும்

போனைச் சரி பண்ணிவிட்டால் போதுமா என்றால், போதாது. 2015 பிப்ரவரியில் ஒரு கவுன் போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது ஞாபகம் இருக்கலாம். பாதிப் பேர் வெள்ளையும் தங்கக் கலரும் என்றார்கள், மற்றவர்கள் நீலமும் கறுப்பும் என்றார்கள். ஒரே திரையைப் பார்த்துக்கொண்டே புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டார்கள். கடைசியில் அந்தக் கவுன் நிஜமாகவே நீலமும் கறுப்பும்தான். துணி மேல் விழுந்த வெளிச்சம் எப்படிப்பட்டது என்று போட்டோவில் தெளிவாக இல்லை. அதனால் ஒவ்வொருவர் மூளையும் ஒரு வெளிச்சத்தை யூகம் பண்ணி, அதற்கேற்றபடி கலரைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டது.

இதை நம்ம ஆத்தா, அப்பத்தாமார் போன் இல்லாத காலத்திலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போனால் கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து முடிவு பண்ண மாட்டார்கள். "கொஞ்சம் வாசலுக்குக் கொண்டாங்க, வெளிச்சத்துல பார்ப்போம்" என்று சேலையைத் தெருவுக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்ப்பார்கள். கடைக்காரரும் கோபப்பட மாட்டார். ரெண்டு துணி டியூப் லைட்டில் ஒரே கலராகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியும். மேட்சிங் ப்ளவுஸ் எடுத்து ஏமாந்தவர்களுக்கு இது தெரியும். அந்த வாசல் வெளிச்சத்தைத்தான் நாம் போனுக்கு வந்த பிறகு மறந்துவிட்டோம்.

சுங்குடிக்கு ஏன் இது ரொம்ப முக்கியம்?

மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஹால் பகுதியைச் சுற்றியுள்ள சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த தொழில் இது. அசல் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. துணியை விரல் நுனியில் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் புள்ளி. ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். இதைக் கட்டுகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான், வீட்டில் உட்கார்ந்து கட்டுகிறவர்கள்.

இத்தனை உழைப்புக்குப் பிறகு, போட்டோவில் தெரிந்த கலர் இல்லை என்று சேலை திரும்பி வந்தால், வீணாவது அந்த விரல்களின் வேலை. அதோடு, அச்சில் அடித்த மலிவான சேலையை பளபளவென்று போட்டோ போட்டு "மதுரைச் சுங்குடி" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். விவிட் திரையில் பார்த்தால் அதுதான் அழகாகத் தெரியும். பளபளப்பில் அவர்களோடு நாம் போட்டி போட முடியாது. நம் பலம், சொன்ன கலர் சொன்னபடி வரும் என்கிற நம்பிக்கை ஒன்றுதான்.

இங்கே ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். "கொஞ்சம் ப்ரைட் பண்ணிப் போட்டா ஆர்டர் ஜாஸ்தி வருது" என்று நாமும் பில்டர் போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறோம். அந்த 30 சேலை போட்டோவும் ராத்திரி டியூப் லைட்டில் எடுத்து, ப்ரைட் பண்ணி அனுப்பியதுதான். எல்லாருமே அப்படித்தான் செய்து கொண்டிருந்தோம், ஒரு பெண் மட்டும் அல்ல. பாதி பொய் நம்முடையது, மீதிப் பொய் திரையினுடையது.

இனி என்ன செய்யலாம்?

துணைக்குழுவில் உட்கார்ந்து பேசி, செய்து பார்த்துச் சொல்கிறோம்.

1. செட்டிங்கை மாற்றுங்கள். சாம்சங் போன் என்றால் செட்டிங்ஸ், அதில் டிஸ்ப்ளே, அதில் ஸ்கிரீன் மோட். அங்கே விவிட், நேச்சுரல் என்று இரண்டு இருக்கும். நேச்சுரல் வையுங்கள். மற்ற கம்பெனி போன்களில் கலர் ஸ்கீம், ஸ்கிரீன் கலர் என்று பெயர் வேறாக இருக்கும், டிஸ்ப்ளேவுக்குள்தான் இருக்கும். விலை குறைந்த சில போன்களில் இந்த வசதியே இருக்காது. அப்படியானால் கலர் முடிவு செய்வதற்கு வேறு உறுப்பினர் போனைப் பயன்படுத்துங்கள்.

2. ராத்திரியில் கண் கூசாமல் இருக்க ஐ கம்ஃபர்ட், நைட் லைட் என்று போட்டு வைத்திருப்போம். ஐபோனில் நைட் ஷிஃப்ட். இது திரை முழுக்க மஞ்சள் ஏற்றிவிடும். கலர் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். மூணாவது போன்ல பூ மஞ்சளடிச்சு மங்கலா தெரிஞ்சது இதனாலதான்.

3. போட்டோ எடுக்க ஒரு இடம், ஒரு நேரம் வையுங்கள். காலையில் எட்டிலிருந்து பத்துக்குள், திண்ணை நிழலில் அல்லது வாசல் நிழலில். நேர் வெயிலும் வேண்டாம், டியூப் லைட்டும் வேண்டாம். பக்கத்தில் பச்சைச் சுவரோ சிவப்புத் தரையோ இருந்தால் அந்தச் சாயலும் துணியில் விழும்.

4. சேலை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். படம் முழுக்க ஒரே கலர் இருந்தால் கேமரா குழம்பி, அந்தக் கலரைக் குறைத்துவிடும். வெள்ளை ஒன்று இருந்தால் எடுக்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சேலைக் கலரும் தப்பு என்று அர்த்தம்.

5. பில்டர், ப்யூட்டி, ஏ.ஐ. எதுவும் வேண்டாம். லென்சை முந்தானையால் துடைக்காமல் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள்.

6. கலரை எழுத்தில் சொல்லுங்கள். நம் பாஷையில் கலருக்குப் பொருள்தான் பெயர். அரக்கு, வாடாமல்லி, கத்தரிப்பூ, மயில் கழுத்து, கிளிப்பச்சை, மாந்துளிர், வெந்தயம், மிளகாய்ப்பழச் சிவப்பு என்று சொன்னால் கேட்கிறவர் மனதில் அந்தப் பொருளே வந்து நிற்கும். எம்.எஸ். ப்ளூ இருக்கிறதே, மதுரையில் 1916-ல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலம் அது. இன்றைக்கும் பெயரைச் சொன்னால் போதும். "லைட் பிங்க், டார்க் பிங்க்" என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

7. போட்டோவின் கீழே "போனுக்குப் போன் கலர் கொஞ்சம் மாறும், சேலை அசல் வாடாமல்லி" என்று ஒரு வரி எழுதுங்கள். வாங்குகிறவர் போன் விவிட்டில் இருக்கிறதா என்று கேட்டு, மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

8. பத்து சேலைக்கு மேல் ஆர்டர் என்றால் போனை நம்பவே வேண்டாம். சாயம் ஏற்றிய துணியில் ஒரு துண்டு வெட்டி, பாதியைத் தபாலில் அனுப்புங்கள், பாதியை நோட்டில் ஒட்டித் தேதி போட்டு வையுங்கள். அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகு வேலையை ஆரம்பியுங்கள். பட்டறையில் சாயம் பார்க்கும்போது ஈரத் துணியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரத்தில் கலர் ஆழமாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும்.

நாம் வாங்கும்போதும் இதே கதைதான். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மையில் பொருள் இல்லை என்றால் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக்கூடாது. ஆன்லைனில் வாங்கி ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். அதற்கு முன்னால் உங்கள் போன் விவிட்டில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு போன் பண்ணுங்கள். நம்மை ஒருவர் அவசரப்பட்டு "ஏமாத்திட்டீங்க" என்றபோது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும்.

வயலிலும் வீட்டிலும்

கடைசியாக இரண்டு விஷயம். சேலை விற்காதவர்களும் கவனியுங்கள்.

மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் நெல் போடுகிற உறுப்பினர்கள் நெல் இலையைப் போட்டோ எடுத்து உரக்கடைக்கு அனுப்பி, "யூரியா போடலாமா" என்று கேட்கிறார்கள். விவிட் திரையில் வெளிறின இலைகூடக் கரும்பச்சையாகத் தெரியும். டியூப் லைட்டில் எடுத்தால் நல்ல இலையும் மஞ்சளாகத் தெரியும். இதற்கென்றே இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒருமுறை, பத்துச் செடியில் மேலே முழுதாக விரிந்த இலையை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். காலை 8-லிருந்து 10-க்குள், வெயில் படாமல் நம் உடம்பு நிழலில், ஒரே ஆளே பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலையோ அதற்கு மேலோ இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து போட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. பாருங்கள், அங்கேயும் நிழல், காலை நேரம், ஒரே கண். போட்டோவுக்கு நாம் சொன்ன அதே விதிதான்.

இரண்டாவது, பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலையா என்று போட்டோ அனுப்பிக் கேட்பது. தயவுசெய்து வேண்டாம். திரையில் மஞ்சள் கூடவும் செய்யும், மறையவும் செய்யும். சந்தேகம் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இதில் போனை நம்பித் தாமதிக்கக் கூடாது.

சகோதரிகளே, விவிட் வைத்துச் சினிமா பாருங்கள், பாட்டு பாருங்கள், பேரன் பேத்தி போட்டோ பாருங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. காசு கைமாறுகிற இடத்தில் மட்டும் முத்திரைப்படிதான்.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு போனைத் தேர்ந்தெடுத்து நேச்சுரலில் வைத்து, அதை "கலர் போன்" என்று தீர்மான நோட்டில் எழுதி வாருங்கள். போட்டோ எடுக்கும் திண்ணையையும் முடிவு செய்யுங்கள். எடுப்பதற்கு ஆள் வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். கல்லூரியில் படிக்கிற அந்தப் பெண் இப்போது திரும்ப வந்துவிட்டது. இன்னைக்கு இந்த மேசையில இருக்கிற போட்டோவை எடுத்ததும் அதுதான். எல்லாக் குழுவுக்கும் வந்து சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறது. அம்மாவும் மகளும் பின் வரிசையில உட்கார்ந்திருக்காங்க. ஒரு தடவை எல்லாரும் கைதட்டுங்க.